தகுதியைக் காணாத தகுதிகாண் ஓட்டம்

1

விளையாட்டுக்கள் யாவும் ஒரு வாக்குறுதியின்மீதே எழுப்பப்பட்டவை. களத்தில் இறங்குபவன் யாருடைய மகன், அவனிடம் எவ்வளவு பணமுண்டு என்ற வினாக்கள் களத்தின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் ஆற்றலும் உழைப்புமே பேசும் என்பதே அவ்வாக்குறுதி. இது முற்றாக நிறைவேறிய விளையாட்டு உலகில் எங்கணும் இல்லை என்பது உண்மையே. எனினும் அவ்வாக்குறுதி எவ்விடத்திலே காக்கப்படுகின்றது, எவ்விடத்திலே விலை பேசப்படுகின்றது என்று ஆராய்வது பயனற்ற முயற்சியன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டொக் கார்ப் பந்தயம் அத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதோர் உதாரணமாகும்.

கடையிலே விற்பனைக்கு நிற்கும் சாதாரணக் காரையே பந்தயத்துக்கு ஓட்டுவது என்ற கருத்தில் எழுந்ததுதான் ஸ்டொக் கார் என்னும் பெயர். இன்று அத்தடங்களில் ஓடும் வாகனத்துக்கும் விற்பனைக் காருக்கும் வெளித்தோற்றத்துச் சாயலைத் தவிர வேறு உறவு அரிது. இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்னும் நிறுவனம், 1947 டிசெம்பரிலே டேட்டோனா கடற்கரை நகரில் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலே உருவாகி, 1948 பெப்ருவரியில் சட்டப்படி பதிவாயிற்று. அன்றுதொட்டு அது பிரான்ஸ் குடும்பத்தின் ஆட்சியிலேயே இருந்துவருகின்றது. விதியை ஆக்குவோரும், விதியைக் காப்போரும், விதியினாற் பொருளீட்டுவோரும் ஒருவராகவே இருக்கும் நிலை இதனால் ஏற்பட்டது என்பதை முதலிலேயே மனங்கொள்ளல் வேண்டும்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமையில் நடப்பது. மக்கள் திரள்வதும், தொலைக்காட்சி காட்டுவதும், பரிசு வழங்கப்படுவதும் அன்றே. அதற்கு முந்திய நாட்களிலே இரு நிகழ்ச்சிகள் இடம்பெறும். ஒன்று பயிற்சி ஓட்டம். மற்றையது தகுதிகாண் ஓட்டம். இவையிரண்டும் பந்தயத்தின் முன்னுரை மாத்திரமே, சுருக்கினும் கேடில்லை, நீக்கினும் கேடில்லை என்ற கருத்து அண்மைக்காலத்திலே வேரூன்றி வருகின்றது. இக்கருத்துத் தவறானது, தவறானது மட்டுமன்று, ஒரு சாராரின் நலனுக்கு மிகவும் வாய்ப்பானதுமாகும். பயிற்சியும் தகுதிகாணலுமே இவ்விளையாட்டின் நேர்மையான பகுதி. அவற்றைக் குறைப்போர் குறைப்பது செலவையன்று, சாட்சியத்தை.

2

நீள்வட்டத் தடத்திலே கார் ஓட்டுவது எளிதென எண்ணுவோர் பலர். இடப்புறமாகத் திரும்புவதைத் தவிர அங்கே வேறென்ன உண்டு என்று நகைப்போருமுளர். இந்நகைப்பு அறியாமையின்பாற்பட்டது. டேட்டோனாத் தடம் இரண்டரை மைல் நீளமானது. அதன் வளைவுகள் 31 பாகை சரிந்து நிற்பன. அலபாமா மாநிலத்து டல்லடேகாத் தடம் 2.66 மைல், அதன் சரிவு 33 பாகை. அத்தகைய சரிவிலே நடந்து ஏறுவதே கடினம். அச்சுவர் போன்ற தளத்திலே மணிக்கு இருநூறு மைலை அண்மிய வேகத்தில், முன்னும் பின்னும் பக்கத்திலும் பிற கார்கள் சாணளவு தூரத்தில் ஓட, ஒருவன் மூன்று மணி நேரம் தன் நிதானத்தைக் காக்க வேண்டும்.

எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புவதால் வாகனத்தின் பாரம் வலப்புறச் சக்கரங்களையே அழுத்தும். வலப்புற முன் ரயர் பிறவற்றுக்கு முன்னே தேயும். வளைவிலே முன்சக்கரங்கள் திரும்ப மறுத்தாற் கார் வெளி மதிலை நோக்கி நகரும். பின்சக்கரங்கள் பிடி தளர்ந்தால் வால் வெளியே வீசிக் கார் சுழலும். இவ்விரு தீமைகளுக்கும் நடுவேயுள்ள மயிரிழை போன்ற சமநிலையைத் தேடுவதே பயிற்சி ஓட்டத்தின் நோக்கமாகும். சாரதி சில சுற்றுக்கள் ஓடித் திரும்புகிறான். எந்த வளைவில், எந்த இடத்தில், எந்தச் சக்கரம் வழுக்கிற்று என்று கூறுகிறான். இயந்திர வல்லுநர் சுருள்வில்லின் இறுக்கத்தை மாற்றுகிறார். ரயரின் காற்றழுத்தத்தைச் சிறிதளவு கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். பாரத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்துகிறார். மீண்டும் ஓட்டம், மீண்டும் மாற்றம். மேகம் ஒன்று கடந்தால் தார்த்தளத்தின் சூடு தணியும். சூடு தணிந்தால் ரயரின் பிடி கூடும். பிடி கூடினால் முன்னர் செய்த கணக்கு முழுவதும் பிழையாகும். கண், செவி, கை, முதுகெலும்பு ஆகியவற்றால் உணரப்பட்டதைச் சொல்லாக்கி, அச்சொல்லை இரும்பிலே செயலாக்கும் கூட்டுழைப்பு இது. ஞாயிறன்று காணப்படும் வெற்றி வெள்ளியும் சனியும் செய்த உழைப்பின் விளைச்சலேயாகும்.

தகுதிகாண் ஓட்டமோ வேறுவகையானது. பெரும்பாலும் ஒருவன் தனித்து ஓடுவான். ஒரு சுற்று, அல்லது இரு சுற்று. மறைந்து கொள்ள முன்னே கார் இல்லை. பழி சுமத்தப் பக்கத்தில் எவருமில்லை. கடிகாரம் மட்டுமே நீதிபதி. அது விநாடியை ஆயிரத்திலொரு கூறாகப் பிரித்துக் கூறும். விளம்பரதாரரின் பெயரையோ சாரதியின் குடும்பத்தையோ அது அறியாது. 1987 ஏப்ரில் 30ஆந் திகதி டல்லடேகாவிலே பில் எலியட் 2.66 மைலை 44.998 விநாடியில் ஓடி, மணிக்கு 212.809 மைல் என்னும் வேகத்தைப் பதிந்தார். நாஸ்கார் வரலாற்றில் இன்றுவரை அதனை எவரும் தாண்டவில்லை. ஜோர்ஜியா மாநிலத்து டோசன்வில் என்னும் சிற்றூரிலே சகோதரர்களோடு சேர்ந்து இயந்திரம் ஆக்கிய ஒருவருக்கு அம்முதலிடத்தை வழங்கியது எந்தக் குழுவின் தயவுமன்று; கடிகாரமே வழங்கியது.

3

பயிற்சியும் தகுதிகாணலும் வெறும் ஒத்திகையல்ல, சாட்சியமளிக்கும் மன்றங்களே என்பதை வரலாறு பலமுறை காட்டியுள்ளது.

1950 செப்டெம்பரில் தென் கரோலைனாவின் டார்லிங்டனிலே முதலாவது ஐந்நூறு மைல் ஸ்டொக் கார்ப் பந்தயம் நடந்தது. எழுபத்தைந்து கார்கள் ஓடின. முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் வேகத்துக்குப் பேர்போன கேர்ட்டிஸ் டர்னர். வென்றவரோ நாற்பத்து மூன்றாவது இடத்திலிருந்து, வேகங் குறைந்த பிளிமத் காரிலே புறப்பட்ட ஜொனி மான்ஸ். ஏனைய கார்களின் ரயர்கள் அத்தடத்தின் உராய்விலே கிழிந்து போக, லொறிக்குரிய கடினமான ரயர்களோடு அவர் நிதானமாக ஓடினார். வேகம் வேறு, தடத்தை அறிந்த அறிவு வேறு என்ற பாடத்தை முதற் பந்தயமே கற்பித்தது. மான்சைப் போன்ற ஒருவர் நாற்பத்து மூன்றாவது இடத்திலேனும் நிற்பதற்கு அன்று வாயில் திறந்திருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

1969 செப்டெம்பரில் டல்லடேகாத் தடம் திறக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதனினும் பாரதூரமானது. பயிற்சியிலே கார்கள் இருநூறு மைலை எட்டின. சில சுற்றுக்களுக்குள்ளேயே ரயர்கள் சிதைந்தன. ஒருவருக்கு நேர்ந்த தற்செயலன்று. முன்னணிச் சாரதிகள் பலருடைய ஒருமித்த அனுபவம் அது. அவ்வாண்டு ஓகஸ்டிலே ரிச்சட் பெற்றியின் தலைமையில் அவர்கள் சங்கமொன்றை அமைத்திருந்தனர். பந்தயத்தைப் பின்போடுமாறு சங்கம் கேட்டது. பில் பிரான்ஸ் மறுத்தார். தடம் பாதுகாப்பானது என்பதை நிறுவ அவர் தாமே ஒரு காரில் ஏறி மணிக்கு ஏறத்தாழ 175 மைல் வேகத்தில் ஓடிக் காட்டினார். இருநூறு மைல் வேகத்தில் ரயர் சிதைகின்றது என்ற முறைப்பாட்டுக்கு அதனிலும் குறைந்த வேகத்தில் ஓடிக் காட்டுவது எவ்வாறு விடையாகும்? முப்பதுக்கும் மேற்பட்ட சாரதிகள் தம் வாகனங்களை ஏற்றிக்கொண்டு வெளியேறினர். மாற்றுச் சாரதிகளையும் சிறிய ரகக் கார்களையும் கொண்டு பந்தயம் நடத்தப்பட்டது. ரிச்சட் பிறிக்ஹவுஸ் வென்றார். பெரும் விபத்தெதுவும் நேரவில்லை என்று நிர்வாகத்துக்காக வாதாடுவோர் இன்றும் கூறுவர். எஞ்சியோர் முழு வேகத்தைத் தவிர்த்தே ஓடினர் என்பதை அவர்கள் கூறுவதில்லை. வெளியேறியவர்களின் எச்சரிக்கையை உள்ளே நின்றவர்களின் கால்கள் ஏற்றுக்கொண்டன என்பதே உண்மை.

சங்கத்துக்கு நேர்ந்த கதி எதிர்பார்க்கக்கூடியதே. 1961 இலே சாரதிகளை ஒரு தொழிற்சங்கத்தில் இணைக்க முயன்றமைக்காக, டார்லிங்டனில் முதலிடம் பெற்ற அதே கேர்ட்டிஸ் டர்னருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது; அது 1965 இலேயே நீங்கிற்று. பெற்றியின் சங்கமும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தடத்தைத் தொட்டு அறிந்தவரின் சொல் ஒருபுறம், தடத்தை உடைமையாகக் கொண்டவரின் சொல் மறுபுறம் என்று வந்தபோது எது மேலோங்கிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பில் எலியட்டின் சாதனைச் சுற்றும் ஒரு சாட்சியமே. அவ்வேகத்திலே கார் சுழன்று பின்பக்கமாகத் திரும்பினால் காற்று அதனைத் தரையிலிருந்து தூக்கிவிடும். தகுதிகாண் ஓட்டத்தின் இலக்கத்தை அனைவரும் கொண்டாடினர். அதன் பொருளை எவரும் வாசிக்கவில்லை. மூன்று நாட்களின் பின், மே 3ஆந் திகதி, பொபி அலிசனின் கார் ரயர் வெடித்து மேலெழுந்து பார்வையாளரைக் காக்கும் வேலியைக் கிழித்தது. பார்வையாளர் சிலர் காயமடைந்தனர். 1988 தொடக்கம் டேட்டோனாவிலும் டல்லடேகாவிலும் இயந்திரத்துக்குச் செல்லும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமாக்கப்பட்டது. முந்திய வாரத்தில் வாசித்திருக்க வேண்டியதை விபத்தின் பின்னரே வாசித்தனர்.

2008 யூலையில் இண்டியனாபொலிசில் அதே தவறு மீண்டும் நிகழ்ந்தது. புதுவகைக் கார், பழைய தடம். பயிற்சியின்போதே ரயர்கள் மிக விரைவில் தேய்ந்து பொடியாயின. ஓட ஓடத் தளத்தில் ரப்பர் படியும், தேய்வு தானே குறையும் என்று நம்பினர். அது குறையவில்லை. பந்தயத்தைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி ரயர் மாற்ற வேண்டியதாயிற்று. நானூறு மைல் பந்தயம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. பயிற்சி உரத்துக் கூறியதைக் கேளாமையின் விலை அது.

கடிகாரத்தின் நேர்மைக்கும் மனிதக் கணக்கின் நேர்மைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துவது வென்டல் ஸ்கொட்டின் வரலாறு. வேர்ஜினியாவின் டான்வில்லைச் சேர்ந்த இக்கறுப்பினச் சாரதி, தம் காரைத் தாமே திருத்தி, தாமே இழுத்துச் சென்று, தாமே ஓட்டியவர். நிறத்தின் பொருட்டு வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. 1963 டிசெம்பர் 1ஆந் திகதி ஜக்சன்வில்லில் நடந்த பந்தயத்தில் அவரே வென்றார். ஆனால் பக் பேக்கர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் கலைந்த பின்னர், சுற்றுக்களை எண்ணியதிலே பிழை நேர்ந்ததென ஒப்புக்கொள்ளப்பட்டது. வெற்றிக் கிண்ணமோ அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின், 2021 இலேயே குடும்பத்தாரின் கையை அடைந்தது. சுற்றுக்களை மனிதர் எண்ணிய இடத்திலே அவருக்கு அநீதி விளைந்தது. ஆயினும் அவர் 495 பந்தயங்களிலே புறப்பட்டு ஓடினார். பழைய உதிரிப்பாகங்களோடு வந்த ஒருவர் அத்தனை முறை வரிசையில் நிற்க முடிந்ததற்கு, வரிசையின் இடங்கள் முன்கூட்டியே விற்கப்படாமல் இருந்தமை ஒரு காரணமன்றோ?

4

அவ்வாயில் பின்னர் எவ்வாறு சாத்தப்பட்டது என்பதே அடுத்து நோக்கற்பாலது.

முதற்படி 2005 இலே எடுக்கப்பட்டது. உரிமையாளர் புள்ளி வரிசையில் முதல் முப்பத்தைந்து இடங்களில் உள்ள கார்கள், தகுதிகாண் ஓட்டத்தில் எவ்வளவு பின்தங்கினும், பந்தயத்தில் ஓடும் உரிமை பெற்றன. நாற்பத்து மூன்று இடங்களில் எஞ்சிய எட்டுக்கு மட்டுமே பிறர் போட்டியிட்டனர். தம்மிலும் மெதுவான கார் உள்ளேயிருக்க, விரைந்து ஓடியவர் வீடு திரும்பும் விந்தை இதனால் விளைந்தது. 2012 வரை நீடித்த அவ்விதி, இரசிகரின் வெறுப்பாலும் பிறவற்றாலும் 2013 இலே கைவிடப்பட்டது. பெரும்பாலான இடங்கள் மீண்டும் கடிகாரத்தின் கைக்கு வந்தன. அம்மறுமலர்ச்சி மூன்று பருவங்களுக்கே நீடித்தது.

2016 இலே சாசனமுறை வந்தது. முப்பத்தாறு கார்களுக்குச் சாசனங்கள் வழங்கப்பட்டன. சாசனமுடைய கார் ஒவ்வொரு பந்தயத்திலும் ஓடும். வருமானத்திலும் அதற்கு உயர்ந்த பங்குண்டு. நாற்பது இடங்களில் எஞ்சிய நான்கே திறந்த இடங்கள். சாசனத்தை விற்கலாம், வாங்கலாம். 2023 இலே அத்தகைய ஒன்று ஏறத்தாழ நான்கு கோடி டொலருக்குக் கைமாறியதாகச் செய்திகள் வெளிவந்தன. முன்னர் 'தகுதி' எனப்பட்டது இப்பொழுது ஆதனமாயிற்று. காணியுறுதியைப் போல் பெட்டியில் பூட்டி வைக்கத்தக்க பொருளாயிற்று. தகுதிகாண் ஓட்டமோ தொடர்ந்து நடைபெறுகின்றது. யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்பதை அது தீர்மானிக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முப்பத்தாறு பேரளவில் அது தீர்மானிப்பதில்லை. தகுதி காணும் வேலையை இழந்த பின்னும் தகுதிகாண் ஓட்டம் என்ற பெயரை அது சுமப்பது, விற்பனைக் காரோடு உறவற்ற வாகனம் ஸ்டொக் கார் எனப்படுவதைப் போன்றதே.

சாசனமுறைக்கு நியாயம் இல்லாமலில்லை. அதற்கு முன்னர், ஆண்டுக்கணக்கில் உழைத்த குழுவொன்று மூடப்பட நேர்ந்தால் அதன் உரிமையாளர் கையில் எஞ்சியவை பழைய கார்களும் கருவிகளுமே. ஒருவார மழையோ ஒரு ரயரோ ஏமாற்றினால் விளம்பரதாரர் பந்தயத்தில் இடம்பெறாது போவார்; அடுத்த ஆண்டு அவர் திரும்ப மாட்டார். தகுதி பெற்று, சில சுற்றுக்கள் மட்டும் ஓடி, பரிசுப் பணத்தோடு ஒதுங்கிக்கொள்ளும் குழுக்களும் அக்காலத்தில் இருந்தன. இவை உண்மைகளே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. குழுக்களின் வறுமைக்கு மருந்து வருமானத்தை நேர்மையாகப் பங்கிடுவதா, வாயிலைப் பூட்டுவதா? பங்கீடு பற்றிய பிணக்குத் தீரவில்லை என்பதை 2024 ஒக்டோபரில் இரு குழுக்கள் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு உணர்த்திற்று. அவற்றுள் ஒன்றின் பங்காளர் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டன் ஆவார். 2025 டிசெம்பரில் விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே இணக்கம் ஏற்பட்டது, சாசனங்கள் நிரந்தரமாக்கப்பட்டன. வழக்காடிய குழுக்கள் தமக்குரிய நியாயத்தைப் பெற்றிருக்கலாம். ஆனால் அம்மன்றிலே இடம்பெறாத ஒருவன் உண்டு. சாசனம் வாங்க வழியற்று, காரை இழுத்துக்கொண்டு வரும் புதியவன் அவன். நிரந்தரம் என்ற சொல் உள்ளே இருப்போருக்கு உறுதி. வெளியே நிற்போனுக்குத் தீர்ப்பு.

இவ்வொழுங்கின் இயல்பை 2025 டேட்டோனா 500 வெளிப்படுத்திற்று. இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை நான்கு முறை வென்ற எலியோ கஸ்ரோநெவெஸ் அங்கே ஓட வந்தார். தகுதிகாண் பந்தயத்தில் அவருடைய கார் விபத்துக்குள்ளாயிற்று. ஆயினும் உலகப் புகழ்பெற்ற சாரதிகளுக்கென அவ்வாண்டு புகுத்தப்பட்ட விலக்கு விதியின்கீழ் நாற்பத்தோராவது இடமொன்று அவருக்கென உருவாக்கப்பட்டது. கஸ்ரோநெவெஸ் சிறந்த சாரதி. இருக்கும் விதியைப் பயன்படுத்தியதில் அவர்மீது குற்றமில்லை. குற்றம் விதியினுடையது. புகழுக்கு ஒரு வாயில், பணத்துக்கு முப்பத்தாறு வாயில், உழைப்புக்கு நான்கு வாயில் என்று வகுத்த பின்னர், அதனைத் திறந்த போட்டி என்று அழைப்பது பொருந்துமா?

இதற்கு எதிர்மாறான காட்சியொன்றை அதே நாட்டின் வேறொரு நீள்வட்டத் தடத்திலே காணலாம். இண்டியனாபொலிஸ் 500 ஸ்டொக் கார்ப் பந்தயமன்று. திறந்த சக்கர வாகனங்களுக்குரியது. முப்பத்து மூன்று இடங்களே அங்குண்டு. 2019 மே மாதத்தில் இரு தடவை உலக வெற்றிவீரரான பெர்னாண்டோ அலொன்சோ, மக்லாரன் என்னும் பெருநிறுவனத்தின் காரோடு வந்தார். கடைசி இடத்துக்காக அவரோடு மோதியவர் கைல் கைசர். பெரும் விளம்பரதாரர் இல்லாத ஹுன்கோஸ் என்னும் சிறு குழுவின் இளைஞர். அக்குழுவின் கார் பயிற்சியிலே நொருங்கியமையால் வேறொரு காரை இரவு பகலாகப் பொருத்தியிருந்தனர். நான்கு சுற்று, பத்து மைல். அலொன்சோவின் சராசரி வேகம் மணிக்கு 227.353 மைல், கைசருடையது 227.372. உலக வெற்றிவீரர் வெளியேறினார். சிறு குழு உள்ளே சென்றது. அலொன்சோ இல்லாமையால் அவ்வாண்டுப் பந்தயம் பெருமை குன்றிற்றா? இல்லை. உள்ளே நின்ற முப்பத்து மூவரின் பெருமையே உயர்ந்தது. வெளியேற்றும் ஆற்றல் உள்ள வாயிலே நுழைவுக்கு மதிப்பளிக்கும்.

5

தகுதிகாணல் பொருளிழந்தது போலவே பயிற்சியும் நேரமிழந்தது. 2020 இலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பந்தயங்கள் தடைப்பட்டு, மே 17ஆந் திகதி டார்லிங்டனில் மீண்டும் ஆரம்பித்தபோது பயிற்சியும் இல்லை, தகுதிகாணலும் இல்லை. புள்ளிவரிசையை அடிப்படையாகக் கொண்ட பிரிவுகளுக்குள்ளே சீட்டுக் குலுக்கி இடங்கள் வழங்கப்பட்டன. நோய்க்காலத்து நிர்ப்பந்தம் அது, குறைகூறுவதற்கில்லை. ஆனால் நிர்ப்பந்தம் பழக்கமாயிற்று. 2021 பருவத்தில் எட்டுப் பந்தயங்களில் மட்டுமே பயிற்சியும் தகுதிகாணலும் நடந்தன. 2022 இலே முற்றிலும் புதிய கார் அறிமுகமானபோது அவை திரும்பின. எனினும் பெரும்பாலான வாரங்களில் ஒரு பிரிவுக்குக் கிடைத்த பயிற்சி நேரம் அரைமணியிலும் குறைவு. ஒன்றரை மைல் தடத்தில் ஒரு சுற்றுக்கு முப்பது விநாடி ஆகும். காரைக் கொணர்ந்து, கூறுவதைக் கேட்டு, ஒரு மாற்றத்தைச் செய்து, மீண்டும் அனுப்புவதற்கே அந்நேரத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

இக்குறைப்பு ஏழைக் குழுக்களுக்கே நன்மை என்பர். தங்குமிடச் செலவு குறைகின்றது, கார் பயிற்சியில் உடையும் அபாயம் குறைகின்றது என்பர். அச்சிறு நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். செல்வமுள்ள குழுவிடம் தடத்தை அப்படியே திரையில் உருவாக்கிக் காட்டும் பொறிகள் உள்ளன; கணினிகள் உள்ளன; பொறியியலாளர் கூட்டம் உள்ளது. அவர்கள் வாரம் முழுவதும் மூடிய அறைக்குள்ளே பயிற்சி செய்கின்றனர். வறிய குழுவுக்குத் தடமே ஆய்வுகூடம். அதன் நேரத்தைப் பறித்தால் யாருடைய கண் கட்டப்படுகின்றது? எல்லோருக்கும் சமமாகக் குறைப்பது சமத்துவமன்று. வேறு வழியுள்ளவனுக்கும் வழியற்றவனுக்கும் ஒரே கதவை மூடுவதாகும்.

பயிற்சி உயிரைக் குடிக்கும் என்ற வாதமே இவையனைத்திலும் கனமானது. அதனை மேலெழுந்தவாரியாக ஒதுக்குவது மனிதப் பண்பாகாது. 1994 பெப்ருவரி 11ஆந் திகதி நீல் பொனெற்றும், மூன்று நாட்கள் கழித்து ரொட்னி ஓரும் டேட்டோனாப் பயிற்சியிலே உயிரிழந்தனர். 2000 மே 12ஆந் திகதி நியூ ஹம்ப்ஷயர்ப் பயிற்சியில் ரிச்சட் பெற்றியின் பேரன் அடம் பெற்றி மாண்டார், வயது பத்தொன்பது. எட்டு வாரங்களின் பின்னர் அதே தடத்தின் அதே வளைவில், அதுவும் பயிற்சியிலே, கெனி அர்வின் மாண்டார். இத்தனை சாவுகளைக் கண்ட பின்னும் பயிற்சியை நீட்டுக என்று கேட்பது கொடுமையன்றோ என்று வினவலாம்.

ஆனால் அவர்களைக் கொன்றது பயிற்சியா? நியூ ஹம்ப்ஷயரில் வேகமூட்டும் மிதி சிக்கிக்கொண்டிருக்கலாம் என்பதே அன்றைய ஐயம். இயந்திரத்தை உடனே நிறுத்தும் ஆளி அதன் பின்னரே ஸ்ரியரிங்கில் கட்டாயமாக்கப்பட்டது. மோதிய மதில் வெறுங் கொங்கிறீற்று. கழுத்தைத் தாங்கும் சாதனம் இருந்தும் அதனை அணியுமாறு எவரும் வற்புறுத்தவில்லை. 2001 பெப்ருவரி 18ஆந் திகதி டேட்டோனா 500 இன் இறுதிச் சுற்றிலே, உலகமே பார்த்திருக்க, டேல் ஏர்ன்ஹாட் இறந்த பின்னரே விதி அசைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அச்சாதனம் கட்டாயமாயிற்று. மோதலை உள்வாங்கும் உருக்கு மதில் 2002 மே மாதத்தில் இண்டியனாபொலிசிலே முதன்முதலாக அமைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைச் சாவுகள் கூறியதைக் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாவு நேராது போயிருக்கலாம். கமரா இல்லாத நாளின் சாவு மலிவானது என்ற மனப்பான்மையே இங்கு குற்றவாளி.

2022 யூலையிலே பொக்கோனோத் தடத்தில், தகுதிகாண் ஓட்டத்தின்போது கேர்ட் புஷ்சின் கார் பின்பக்கமாக மதிலில் மோதிற்று. பார்வைக்குப் பெரிய விபத்தன்று. ஆனால் தலையில் ஏற்பட்ட பாதிப்பினால் அவர் மீண்டும் பந்தயத்தில் ஓடவேயில்லை. புதிய காரின் பின்பகுதி அளவுக்கு மீறி விறைப்பானது, மோதலின் வேகம் முழுவதும் உடலுக்கே வருகின்றது என்று சாரதிகள் அப்பருவத்திலே முறையிட்டிருந்தனர். அடுத்த ஆண்டுக்காகப் பின்பகுதி மாற்றப்பட்டது. மீண்டும் அதே ஒழுங்கு: முதலில் சாரதியின் சொல், பின்பு சாரதியின் உடல், அதன் பின்பே விதி.

6

ஆகவே, மக்கள் பார்ப்பது பந்தயத்தையே, மற்றவை எதற்கு என்னும் வினா, விளைச்சலை உண்போர் உழவு எதற்கு என்று வினவுவதை ஒத்ததாகும். சீட்டுக் குலுக்கி நிறுத்திய பந்தயமும் சுவையாகவே இருந்தது என்பர். இருக்கலாம். பார்ப்போனின் சுவையும் ஓடுவோனின் நீதியும் ஒன்றல்ல. யார் வெல்வார் என்று தெரியாதிருப்பது சுவை. யாரும் வெல்லக்கூடும் என்றிருப்பதே நீதி.

செய்ய வேண்டியவை அரியனவல்ல. திறந்த இடங்கள் நான்கு என்பது பத்தாகவேனும் உயர்தல் வேண்டும். சாசனமுடைய காரும் கடிகாரத்தின் முன்னே தோற்கக்கூடிய நிலை ஆண்டின் பெரும் பந்தயங்களிலேனும் மீள வேண்டும். புகழுக்கென வகுத்த விலக்கு நீங்க வேண்டும். புதிய காரோ, புதிய ரயரோ, புதிய தளமோ வரும்போது முழுநாட் பயிற்சி கட்டாயமாக வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பயிற்சியிலே சாரதிகள் ஒருமித்துக் கூறும் அபாயம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பாக மதிக்கப்படல் வேண்டும். 1969 இல் மறுக்கப்பட்டது அதுவே. இன்றும் விதிநூலில் எழுதப்படாதிருப்பதும் அதுவே.

இருக்கைகளை விற்பது வணிகம். வணிகத்துக்கு அதற்குரிய சந்தையுண்டு. ஆனால் விற்ற இருக்கைகளின் முன்னே கடிகாரத்தை ஓடவிட்டு, அதற்குத் தகுதிகாணல் என்று பெயரிடுவது வணிகமுமன்று, விளையாட்டுமன்று. ஒன்று அப்பெயரைக் கைவிடுக. அன்றேல் வாயிலைத் திறந்து கடிகாரத்தைப் பேசவிடுக.